மேஜையை விட்டு எழுந்திருக்கும் முன்

(நம் குடியிருப்பின் மூத்தோர் மாதக் கூட்டத்தில், கிளப் ஹவுஸில் பேசியதன் எழுத்து வடிவம்)



முதலில் செயலாளருக்கு நன்றி. "சார், நீங்க பேங்க்ல இருந்தவர், கணக்குத் தெரிஞ்சவர். இந்த ஓட்டல் பில் விஷயத்தைப் பத்தி அரை மணி நேரம் பேசுங்க" என்று கேட்டார். நான் சமையல் கலைஞனும் இல்லை, வக்கீலும் இல்லை. பி.காம். படித்துவிட்டு முப்பத்தைந்து வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். அந்த அளவுக்குத்தான் பேசுவேன். சொன்ன நேரத்துக்குள் முடித்தும் விடுவேன். பின்னால் சுண்டல் தயாராகிவிட்ட வாசனை எனக்கும் வருகிறது.

விஷயம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு பில்லைப் படம் எடுத்துப் போட்டார். பெரிய ஓட்டலில் குடும்பத்தோடு இரவுச் சாப்பாடு. தொகையைப் பார்த்ததும் குழு பற்றி எரிந்தது. மூன்று நாள் வேறு பேச்சே இல்லை. தண்ணீர் லாரி வராததைக்கூட யாரும் கேட்கவில்லை. ஒரு சாரார் "இது பகல் கொள்ளை" என்றார்கள். இன்னொரு சாரார் "கட்டுப்படி ஆகாதவர்கள் அங்கே எதற்குப் போகணும்?" என்றார்கள். இரண்டாவது வார்த்தை ஒருவர் மனதைக் குத்திவிட்டது. அவர் குழுவை விட்டே வெளியேறிவிட்டார். பத்து வருஷமாக ஒரே லிஃப்டில் போய் வரும் இரண்டு குடும்பங்கள் இன்று முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒரு பில்லுக்காக இது தேவையா?

விலை அதிகம் என்பதாலேயே அது கொள்ளை ஆகிவிடாது. கையில் பணம் இருக்கிறது என்பதால் கேள்வி கேட்கக் கூடாது என்றும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. எங்கள் வங்கியில் கேஷ் கவுண்டருக்கு மேலே ஒரு பலகை தொங்கும். பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு நகருங்கள், பிறகு சொன்னால் ஏற்க முடியாது என்று அதில் எழுதியிருக்கும். ஓட்டலுக்கும் அதுதான் விதி. எண்ணிப் பாருங்கள். குறை இருந்தால் அங்கேயே சொல்லுங்கள். மேஜையை விட்டு எழுந்த பிறகு சொல்வதில் பாதிப் பலன் போய்விடும். நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். இனி வருவது இதற்கு விளக்கம்.

எதற்குப் பணம் கொடுக்கிறோம்?

"நாலு இட்லிக்கு இவ்வளவா? வீட்டில் ஒரு கிலோ அரிசி, கால் கிலோ உளுந்து போட்டால் நாலு நாளைக்கு வருமே!" என்று நம்மில் பலர் சொல்கிறோம். கணக்கு சரிதான். ஆனால் அது அரிசி, உளுந்தின் கணக்கு.

ஓட்டல் தொழிலில் இருப்பவர்கள் பொதுவாகச் சொல்வது, பில்லில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குள் சமையல் பொருள் செலவு அடங்க வேண்டும் என்பது. மீதி எல்லாம் இடத்துக்கு வாடகை, சமையல்காரர், பரிமாறுகிறவர், பாத்திரம் கழுவுகிறவர் சம்பளம், ஏ.சி.க்கான மின்சாரம், வெள்ளை மேஜைத் துணியின் சலவை, கடைசியாக முதலாளியின் லாபம். பெரிய ஓட்டலில் ஒரு மேஜைக்கும் அடுத்த மேஜைக்கும் நடுவில் நல்ல இடைவெளி விட்டிருப்பார்கள். அந்தக் காலி இடத்துக்கும் வாடகை உண்டு. நாம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறோம், யாரும் பின்னால் நின்று நாற்காலியைப் பிடித்துக்கொள்வதில்லை. அந்த நேரத்துக்கும் விலை உண்டு.

ஆகவே வீட்டுக்கு வந்து கணக்குப் பார்க்கும்போது "இட்லி எவ்வளவு?" என்று மட்டும் பார்க்காதீர்கள். பொருள், ஆள், இடம், நேரம் ஆகிய நாலுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்தோம். நாலும் ஒழுங்காகக் கிடைத்ததா என்று பாருங்கள். சாப்பாடு பிரமாதம், ஆனால் ஒன்பது மணிக்கு மேஜையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் என்றால் நேரம் கிடைக்கவில்லை. இடம் அரண்மனை மாதிரி, ஆனால் கூப்பிட்டால் வர ஆள் இல்லை என்றால் சேவை கிடைக்கவில்லை. இப்படிப் பிரித்துப் பார்த்தால் எதைப் புகார் சொல்ல வேண்டும் என்பதும் தெளிவாகத் தெரியும். மொத்தமாக "மோசம்" என்று சொன்னால் ஓட்டல்காரருக்கும் புரியாது, நமக்கும் ஆறாது.

சாப்பாடு

பெரிய ஓட்டலுக்குப் போனால், வீட்டில் நன்றாகச் செய்யத் தெரிந்ததை வாங்கி ஒப்பிடாதீர்கள். நம் வீட்டு ரசத்தை எந்த செஃபும் ஜெயிக்க முடியாது. நமக்கு நாற்பது வருஷமாக நாக்கில் ஊறிய ருசி அது. வீட்டில் செய்ய முடியாதது, செய்ய நேரமில்லாதது, நம் ஊர்ப் பக்கத்தில் இல்லாதது எதுவோ அதை வாங்குங்கள். அப்போதுதான் கொடுத்த பணத்துக்குப் புதிதாக ஒன்று கிடைக்கும்.

சென்னைக்காரர்களுக்கு அடையாறு கேட் ஓட்டல் நினைவிருக்கும். பிறகு பார்க் ஷெரட்டன், கடைசியில் கிரவுன் பிளாசா என்று பெயர் மாறியது. அதற்குள் இருந்த தக்ஷின் உணவகத்தில் தமிழ்நாடு, கேரளா, ஆந்திரா, கர்நாடகா என்று தென்னிந்தியச் சமையல் முழுவதும் ஒரே இடத்தில் கிடைத்தது. அங்கே இருந்த செஃப் பிரவீன் ஆனந்த் பழைய வீட்டுச் சமையல்களைத் தேடித் தேடிச் சேகரித்தவர். தள்ளுவண்டியைப் பக்கத்தில் கொண்டுவந்து சின்னச் சின்ன தோசை, பணியாரம் என்று சுடச்சுடப் போடுவார்கள். "நம்ம வீட்டுப் பலகாரத்தை நட்சத்திர ஓட்டலில் விற்க முடியுமா?" என்று கேட்டவர்களுக்கு அது நல்ல பதில். 2023 டிசம்பரில் அந்த ஓட்டலையே மூடிவிட்டார்கள். அங்கே போனவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசும்போது விலையைச் சொல்வதில்லை, தள்ளுவண்டியைத்தான் சொல்கிறார்கள். பணத்துக்கு மதிப்பு கிடைத்தது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அடுத்தது பஃபே. பொருளாதாரப் பாடத்தில் "குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி" என்று ஒன்று படித்தோம். முதல் ஜாங்கிரி அமிர்தம், இரண்டாவது பரவாயில்லை, நாலாவது தண்டனை. அவ்வளவுதான் அந்த விதி. அறுபது வயதுக்கு மேல் நமக்கு இரண்டாவதிலேயே தண்டனை ஆரம்பித்துவிடுகிறது. பஃபே விலையோ இருபத்தைந்து வயதுப் பையனுக்கும் நமக்கும் ஒன்றுதான். "கொடுத்த காசுக்குச் சாப்பிடணும்" என்று தட்டை நிரப்பிக்கொண்டு, மறுநாள் மாத்திரைக்குச் செலவழிப்பதில் லாபம் இல்லை. நம் வயதுக்காரர்கள் நாலு பேர் போனால், பட்டியலைப் பார்த்துத் தனித்தனியாக வரவழைத்துப் பகிர்ந்துகொள்வது பெரும்பாலும் மலிவு, உடம்புக்கும் நல்லது. பேரப்பிள்ளைகள் கூட வந்தால் கணக்கு மாறும். பஃபேதான் என்று முடிவானால், மூத்தோருக்குச் சலுகை உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். சில இடங்களில் உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள்.

சேவை

நல்ல சேவை என்றால் என்ன? நாற்காலியை இழுத்துப் போடுவதும், "குட் ஈவ்னிங் சார்" சொல்வதும் பயிற்சி கொடுத்தால் வந்துவிடும். என் அளவுகோல் வேறு. நமக்கு எவ்வளவு போதும் என்று சொல்லத் தெரிந்தவர்தான் நல்ல பரிமாறுபவர்.

ஒரு முறை மகளும் மாப்பிள்ளையும் எங்களை ஒரு ஓட்டலுக்கு அழைத்துப் போனார்கள். ஆறு பேர். மாப்பிள்ளை உற்சாகமாக ஆறு பிரியாணி என்றார். எழுதிக்கொண்டிருந்த கேப்டன் பேனாவை நிறுத்திவிட்டு, "சார், எங்க பிரியாணி ஒண்ணு ரெண்டு பேருக்கு வரும். இப்ப மூணு போடறேன். போதலைன்னா சொல்லுங்க, பத்து நிமிஷத்துல வந்துடும்" என்றார். மூன்றே போதுமானதாக இருந்தது. அன்று அந்த ஓட்டலுக்கு மூன்று பிரியாணி விற்பனை குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு நாங்கள் அங்கே நாலு தடவை போய்விட்டோம். ஒரு வாடிக்கையாளரை எப்படிச் சம்பாதிப்பது என்று அந்தப் பையனுக்கு யாரோ நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

எல்லோரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆகவே நாமே கேட்க வேண்டும். "தம்பி, இது எத்தனை பேருக்கு வரும்?" என்று கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. "இன்னிக்கு ஸ்பெஷல்" என்று வாயால் சொல்லும் உணவுக்குப் பட்டியலில் விலை இருக்காது. அதையும் கேட்டுவிட்டுச் சரி சொல்லுங்கள்.

நம் வயதுக்காரர்களுக்கு இன்னும் சில தேவைகள் உண்டு. என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவருக்குக் காது கொஞ்சம் மந்தம். குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போனால் பாட்டுச் சத்தத்தில் யார் பேசுவதும் கேட்காது. எல்லோரும் சிரிக்கும்போது இவரும் சிரித்துவைப்பார். என்ன சொன்னார்கள் என்று தெரியாது. ஒரு நாள் அவர் பேத்தி எழுந்துபோய் மேனேஜரிடம், "எங்க தாத்தாவுக்குக் கேக்கலை, சத்தம் இல்லாத இடம் தாங்க" என்று சொல்லியிருக்கிறாள். உடனே ஓரமாக வேறு மேஜை கொடுத்துவிட்டார்கள். நண்பர் என்னிடம், "பல வருஷத்துக்கு அப்புறம் அன்னிக்குத்தான் குடும்பத்தோட சாப்பிட்டேன்" என்றார்.

ஆகவே மேஜைக்குப் பதிவு செய்யும்போதே பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். படி ஏற வேண்டுமா, சாய்வுதளம் உண்டா? கழிப்பறை அதே மாடியில் இருக்கிறதா? சாய்மானம் உள்ள நாற்காலி கிடைக்குமா? ஸ்பீக்கருக்கு அடியில் இல்லாத மேஜை தருவார்களா? உப்பு, காரம் குறைத்துச் செய்வார்களா? பெரிய ஓட்டலில் அதிக விலை கொடுப்பதே இதற்கெல்லாம் சேர்த்துத்தான். கேட்காமல் இருந்துவிட்டு, "வயசானவங்களுக்கு லாயக்கான இடம் இல்லை" என்று வீட்டில் வந்து சொல்வதில் பயனில்லை.

பில்லைப் படிப்பது எப்படி?

இனி என் சொந்த ஊருக்கு, அதாவது கணக்குக்கு வருகிறேன். ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம்.

நாலு பேர் சாப்பிட்ட உணவின் விலை 4,200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாக நடக்கும் உணவகம் என்றால் அதன் மேல் ஜிஎஸ்டி 5 சதவீதம், 210 ரூபாய். மொத்தம் 4,410. இந்த 5 சதவீதம் 2017 நவம்பர் 15 முதல் இருக்கிறது. அதற்கு முன் ஏ.சி. உணவகத்துக்கு 18 சதவீதம் இருந்தது. பில்லில் சிஜிஎஸ்டி இரண்டரை, எஸ்ஜிஎஸ்டி இரண்டரை என்று இரண்டாகப் பிரித்துக் காட்டுவார்கள். இரண்டு முறை வரி போட்டுவிட்டார்கள் என்று பதற வேண்டாம்.

அதே சாப்பாடு, ஒரு நாளைக்கு 7,500 ரூபாய்க்கு மேல் அறை வாடகை வாங்கும் பெரிய ஓட்டலுக்குள் இருக்கும் உணவகத்தில் என்றால் வரி 18 சதவீதம், 756 ரூபாய். மொத்தம் 4,956. சட்டமே அப்படித்தான் இருக்கிறது. ஓட்டல்காரர் சேர்த்ததல்ல. வாட்ஸ்அப் சண்டையில் பாதி இதைப் பற்றித்தான் நடந்தது.

இப்போது சர்வீஸ் சார்ஜ். பில்லில் 10 சதவீதம் தாங்களாகவே சேர்த்துவிட்டார்கள் என்று வையுங்கள். 4,200க்கு 420. ஆக 4,620. இந்தக் கூட்டுத் தொகைக்கு மேல் ஜிஎஸ்டி போடுவார்கள். தனி உணவகத்தில் 231 சேர்ந்து 4,851 ஆகும். பெரிய ஓட்டலில் 18 சதவீதம் போட்டால் 5,451 ரூபாய் 60 காசு. அதாவது சர்வீஸ் சார்ஜ் 420 என்று பார்த்தால், பெரிய ஓட்டலில் அதனால் நம் கையை விட்டுப் போவது 495 ரூபாய் 60 காசு.

இது கட்டாயமா? இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. சர்வீஸ் சார்ஜை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது. வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது. கொடுக்க மாட்டேன் என்பவரை உள்ளே விடாமல் இருக்கக் கூடாது. சாப்பாட்டுத் தொகையோடு சேர்த்து அதற்கும் ஜிஎஸ்டி போடக் கூடாது. இது அதன் சாரம். உணவகச் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் முதலில் தடை வாங்கின. பிறகு 2025 மார்ச் 28 அன்று அதே நீதிமன்றம் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து, நெறிமுறைகள் செல்லும், கட்டாய சர்வீஸ் சார்ஜ் சட்டத்துக்கு விரோதம் என்று சொல்லிவிட்டது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்கும் போயிருக்கின்றன.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. குரலை உயர்த்தாமல், "சர்வீஸ் சார்ஜை எடுத்துவிட்டு பில்லை மாற்றிக் கொடுங்கள், டிப்ஸை நான் தனியாகக் கொடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலான இடங்களில் மறுபேச்சு இல்லாமல் மாற்றித் தருகிறார்கள்.

சொன்னபடி கொடுத்துவிடவும் வேண்டும். அந்த 420 ரூபாயை மிச்சம் பிடிப்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. ஒரு ஓட்டலில் பரிமாறிய பையனிடம், "தம்பி, இந்த சர்வீஸ் சார்ஜ் உங்களுக்கு வருதா?" என்று கேட்டேன். அவன் மேற்பார்வையாளர் நின்ற பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே தண்ணீர் ஊற்றினான். பதில் சொல்லவில்லை. நாலு மணி நேரம் நின்ற காலோடு இருப்பவன் கைக்குப் போக வேண்டிய பணம் அவன் கைக்கே போகட்டும். நல்ல சேவைக்கு ஐந்து முதல் பத்து சதவீதம், ரொக்கமாக, அவரவர் கையில் கொடுப்பது என் வழக்கம். டிப்ஸை எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளும் ஓட்டல்களும் உண்டு. சமையலறையில் இருப்பவர்களுக்கும் பங்கு போகும் என்றால் அதுவும் நல்லதுதான். கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுங்கள்.

இன்னும் மூன்று சின்ன விஷயம். ஒன்று, தண்ணீர் பாட்டில். எம்ஆர்பிக்கு மேல் வாங்கலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடும்போது அங்கே சேவையும் சேர்ந்திருப்பதால் அதிக விலை வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஆகவே அதில் சண்டை போட்டுப் பயனில்லை. உட்கார்ந்தவுடன் "மினரல் வாட்டரா, ரெகுலரா?" என்று கேட்பார்கள். பாட்டில் வேண்டாம் என்றால் "சாதாரணத் தண்ணீர்" என்று அப்போதே சொல்லிவிடுங்கள். இரண்டு, காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறிய உணவகங்கள் நம்மிடம் ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது. பில்லில் அவர்கள் காம்போசிஷன் என்று எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதியும் வரி போட்டிருந்தால் கேளுங்கள். மூன்று, பில்லில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்க வேண்டும். 2022 ஜனவரி முதல் இது கட்டாயம். சாப்பாட்டில் சுகாதாரக் குறை இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுக்க அந்த எண் உதவும்.

குறையை எங்கே சொல்வது?

எங்கள் உறவுக்காரர் ஒருவர் வீட்டுத் திருமண நாள் விருந்து, ஒரு பெரிய ஓட்டலில். எல்லோருக்கும் சாப்பாடு வந்துவிட்டது. வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு மட்டும் வரவில்லை. மற்றவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகு, முக்கால் மணி நேரம் கழித்து, அதுவும் ஆறிப்போய் வந்தது. "நல்ல நாளும் அதுவுமா எதுக்கு வம்பு" என்று யாரும் வாய் திறக்கவில்லை. முழுத் தொகையும் கொடுத்தார்கள், டிப்ஸும் வைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த வீட்டுப் பையன் போனை எடுத்து, ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, "வாழ்நாளில் இப்படி ஒரு மோசமான இடம் பார்த்ததில்லை" என்று எழுதினான். மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். "சார், மேஜையிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சுடச்சுட மாத்திக் கொடுத்திருப்போமே. அந்த ஐட்டத்துக்குக் காசும் போட்டிருக்க மாட்டோம்" என்றார். அந்தப் பெரியவர் ஆறிய சாப்பாட்டைச் சாப்பிட்டது சாப்பிட்டதுதான். அதை யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது.

வம்புக்கும் குறை சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. பரிமாறுபவரைத் திட்டினால் அது வம்பு. சமையலறையில் நடந்ததற்கு அவன் பொறுப்பில்லை. மேனேஜரைக் கூப்பிட்டு, என்ன கேட்டோம், என்ன வந்தது, இப்போது என்ன செய்ய வேண்டும் என்று மூன்று வாக்கியத்தில் சொன்னால் அது குறை. ஒன்றிரண்டு வாய் சாப்பிட்டதும் சொல்லுங்கள். தட்டு காலியான பிறகு "நல்லா இல்லை" என்றால் வங்கி கேஷியரும் ஏற்க மாட்டார், ஓட்டல் மேனேஜரும் ஏற்க மாட்டார்.

அங்கே தீரவில்லை என்றால் பில்லையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். பெரிய நஷ்டம், உடல்நலக் கேடு என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது.

இணையத்தில் கருத்து எழுதுவதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாமும் போகும் முன் அதைத்தானே பார்க்கிறோம். எழுதும்போது என்று போனீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு ஆனது, எது நன்றாக இருந்தது, எது இல்லை என்று எழுதுங்கள். சொல்லியும் திருத்தினார்களா இல்லையா என்பதையும் எழுதுங்கள். அதுதான் அடுத்தவருக்குப் பயன்படும். பாராட்டு என்றால் பரிமாறியவர் பெயரைப் போடுங்கள், அவருக்கு நல்லது நடக்கும். குறை என்றால் பெயரைப் போடாதீர்கள். ஒரு நாள் தவறுக்கு ஒருவன் வேலை போகக் கூடாது.

நம் ஆண்டு விருந்து

கடைசியாக நம் சங்கத்து விஷயம். இந்த வருஷம் மூத்த தம்பதிகளுக்கான விருந்தை கிளப் ஹவுஸில் வைக்காமல் ஒரு நல்ல ஓட்டலில் வைக்கலாம் என்று கமிட்டி யோசிக்கிறது. நான் அதை ஆதரிக்கிறேன். ஆனால் முன்பணம் கொடுக்கும் முன் கணக்கைப் பாருங்கள்.

ஒரு ஆளுக்கு 1,200 ரூபாய், 60 பேர் என்று பேசினால் 72,000. "டாக்ஸ் எக்ஸ்ட்ரா" என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கும். 18 சதவீதம் என்றால் 12,960. ஆக 84,960. அதோடு "மினிமம் கேரண்டி" என்று ஒன்று போடுவார்கள். 60 பேர் என்று உறுதி கொடுத்துவிட்டால் எத்தனை பேர் வந்தாலும் 60 பேருக்குப் பணம் கட்ட வேண்டும். நம்மவர்களில் ஒருவருக்கு முட்டிவலி, ஒருவருக்கு மகன் வீட்டுப் பயணம் என்று 48 பேர்தான் வந்தார்கள் என்றால், ஒரு ஆளுக்கு ஆன செலவு 1,770 ரூபாய். 1,200 என்று தீர்மானம் போட்டு 1,770 செலவழித்தால் அடுத்த பொதுக்குழுவில் பொருளாளர்தான் மாட்டிக்கொள்வார்.

ஆகவே ஐந்து கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். வரி சேர்த்து ஆளுக்கு எவ்வளவு? சர்வீஸ் சார்ஜ் இல்லை என்று உறுதி தருவார்களா? மினிமம் கேரண்டி எத்தனை, அதை எத்தனை நாள் முன்புவரை குறைக்கலாம்? ரத்து செய்தால் முன்பணத்தில் எவ்வளவு திரும்ப வரும்? சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குத் தனிப் பதார்த்தம் உண்டா? நம் பக்கத்தில், வருகிறேன் என்று பெயர் கொடுத்தவர்கள் தயவுசெய்து வாருங்கள். முடியாது என்றால் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள்.

மூத்தவர்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் ஆசையாக ஓட்டலுக்கு அழைத்துப் போகும்போது, பட்டியலைத் திறந்து விலையை உரக்கப் படிக்காதீர்கள். அவர்கள் சம்பாத்தியத்தில் நம்மை உட்கார வைத்துப் பார்க்க நினைக்கிறார்கள். செலவு அதிகம் என்று தோன்றினால் கிளம்பும் முன் வீட்டில் சொல்லுங்கள், வேறு இடம் பார்ப்பார்கள். போய் உட்கார்ந்த பிறகு சந்தோஷமாகச் சாப்பிடுங்கள். பில் வந்ததும் அதைக் கேட்டு வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை சரிபார்த்துக் கொடுங்கள். பிள்ளைகள் பார்க்காமல் கார்டை நீட்டிவிடுவார்கள். அந்த வேலைக்கு நம்மைவிடப் பொருத்தமானவர்கள் யாரும் இல்லை.

வாட்ஸ்அப் குழுவை விட்டுப் போன நண்பரும் இன்று இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார். அவர் பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருந்ததையும் அதைக் கேட்டு எடுக்க வைத்திருக்கலாம் என்பதையும் அந்த மூன்று நாளில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. இனி யாராவது பில் போட்டால், போனவரைப் பற்றிப் பேசாமல் பில்லைப் பற்றிப் பேசுவோம். செயலாளர் அவரை இன்றே மறுபடியும் குழுவில் சேர்க்க வேண்டும் என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுக்கொள்கிறேன்.

சுண்டலுக்கு சர்வீஸ் சார்ஜ் கிடையாது.